பொற்காசும் செப்புக்காசும்



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப்பணி ஆற்றி ஓய்வு பெற்றவன் நான். பழங்காசு சேகரிப்பதில் எனக்கு விருப்பம் உண்டு என்பதை அறிந்த இளைஞர்கள் என்னைக் காணும்போதெல்லாம் ஒரு வினாவைத் தவறாமல் கேட்கிறார்கள். "ஐயா, பொன், வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பது நல்லதா? செம்பு, பித்தளை, நிக்கல் காசுகளைச் சேர்ப்பது நல்லதா?" என்பதே அவ்வினா. இதற்கு ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் காரணம் தெரியாத விடை மனத்தில் நில்லாது. ஆதலின் இரண்டின் இயல்புகளையும் முதலில் எண்ணிப் பார்ப்போம்.

பொன்னின் பெருமையை யாரும் மறுக்க இயலாது. ஈராயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் அது கறுப்பதில்லை, துருப்பிடிப்பதில்லை. 1898 ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையில் ரோமானியப் பொற்காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. அதில் ஐந்நூறுக்கு மேற்பட்ட காசுகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலையுருவத்தின்மேல் உளியால் ஒரு வெட்டு விழுந்திருந்தது. அக்காசு இனி நாணயமாகச் செல்லாது, வெறும் பொன்னாகவே கொள்ளப்படும் என்பதைக் காட்டவே அவ்வாறு வெட்டினர் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்த வெட்டின் கூர்மைகூட இன்றும் மழுங்காமல் இருக்கிறது என்றால், பொன்னின் திறத்துக்கு வேறு சான்று வேண்டுமா?

நம் முன்னோர் அக்காசுகளை விரும்பியதற்குக் காரணம் அவற்றின் உலோகமே ஆகும். இந்தியா ஆண்டுதோறும் ரோமப் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை ஈர்த்துக்கொள்கிறது என்று பிளினி என்னும் ரோமானிய ஆசிரியர் வருந்தி எழுதினார். கி.பி. 64 ஆம் ஆண்டளவில் நீரோ மன்னன் தன் வெள்ளிக்காசின் எடையையும் மாற்றையும் குறைத்தான். இந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளிலோ அவனுக்கு முற்பட்ட அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் இருவர் காசுகளே மிகுதி. மாற்றுக் குறைந்த காசை நம் வணிகர் கண்டறிந்து விலக்கினர் என்றே தோன்றுகிறது. அவர்கள் தராசையும் உரைகல்லையும் நம்பி வாழ்ந்தவர்கள் அன்றோ?

பொன்னுக்குப் பெருமை தரும் அந்த விலையே அதற்குப் பகையாகவும் முடிகிறது. பொற்காசின்மேல் அரசன் பெயர் இருக்கலாம். தெய்வ வடிவம் இருக்கலாம். ஆனால் வறுமை வந்த நாளில் அதன் உடையவன் கண்ணுக்குப் பொன் மட்டுமே தெரிகிறது. பேரரசு மாறும்போது புதிய அரசன் பழைய பொற்காசைத் திரட்டி உருக்கித் தன் பெயரைப் பொறிக்கிறான். பொற்கொல்லரின் மூசையில் எத்தனை மன்னர்களின் பெயர்கள் கரைந்தனவோ, கணக்கிட முடியாது.

நம் மாவட்டத்தோடு தொடர்புடைய ஒரு சான்று கூறுகிறேன். 1674 ஆம் ஆண்டில் சத்திரபதி சிவாஜி முடிசூடிக்கொண்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1677 இல், செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். அவர் பெயரால் இருவகைக் காசுகள் வெளிவந்தன. ஒன்று 'ஹொன்' என்னும் பொற்காசு. மற்றொன்று 'சிவராய்' என்னும் செப்புக்காசு. இரண்டிலும் அவருடைய பெயர் நாகரி எழுத்தில் பொறிக்கப்பட்டது. அவற்றுள் பொற்காசு இன்று மிக மிக அரிது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அப்பால் நின்று காணவேண்டிய பொருள். செப்புக்காசோ ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் மராட்டிய நாட்டுச் சந்தைகளில் அது கைமாறிக்கொண்டிருந்தது.

இவ்வாறு பொன் அழிவதை நானே ஒருமுறை கண்டேன். திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன், களிம்பேறிய இரண்டு செப்புக்காசுகளைத் தன் கணிதக் கருவிப் பெட்டியில் வைத்து வகுப்புக்குக் கொண்டுவந்தான். வீட்டுக்குப் பின்புறம் குழி தோண்டியபோது ஒரு சிறு கலயத்தில் அவை இருந்தன என்றான். "இவை மட்டுமா இருந்தன?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, துவரம்பருப்பு அளவில் மஞ்சளாகச் சில இருந்தன. அப்பா அவற்றை ஆசாரியிடம் கொடுத்துவிட்டார். அக்காவுக்குத் தோடு செய்தாகிவிட்டது" என்றான். துவரம்பருப்பு அளவுள்ள அம்மஞ்சள் காசு, விசயநகர வேந்தர் காலத்திலும் நாயக்கர் காலத்திலும் நம் பகுதியில் வழங்கிய 'பணம்' என்னும் சிறு பொற்காசாக இருந்திருக்கலாம். எடை அரைக் கிராமுக்கும் குறைவு. எந்த அரசன் அடித்தது, எதன் உருவம் பொறித்தது என்பதை இனி ஒருவரும் அறிய முடியாது. தோட்டைக் கேட்டால் அது சொல்லுமா?

அந்தத் தந்தையை நான் குறை கூறவில்லை. மகள் திருமணத்துக்குப் பொன் தேடும் உழவர் அவர். விலையற்றவை என்று அவர் கருதிய இரண்டு செப்புக்காசுகளே அன்று தப்பிப் பிழைத்தன. தம் மலிவினாலேயே பிழைத்தன என்பதை நீங்கள் கருத வேண்டும்.

இங்கே சட்டம் கூறுவதையும் நீங்கள் அறிந்திருத்தல் நலம். 1878 ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், அதைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எவ்விடத்தில், எந்நாளில் என்பவற்றை அதில் குறிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. அரசு அப்பொருளைத் தனக்கென எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்பையும், அதற்கு மேல் அம்மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் தரவேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. முறையாக அறிவித்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. இச்செய்தி நம் ஊர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தோடாக மாறிய காசுகளுள் சிலவேனும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்திருக்கும். அந்த அருங்காட்சியகம் 1851 இல் தொடங்கப்பெற்றது. அதன் காசுத் தொகுதி நாட்டின் சிறந்த தொகுதிகளுள் ஒன்று.

இனிச் செப்புக்காசின் பக்கம் திரும்புவோம். தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவலூர், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்தது. சங்க காலத்தில் அது மலையமான்களின் தலைநகர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய மலையமான் திருமுடிக்காரியை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். அவன் குதிரைக்கும் காரி என்பதே பெயர். அம்மரபினர் வெளியிட்ட செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. ஒருபுறம் குதிரை, மறுபுறம் வளைந்தோடும் ஆறும் அதில் நீந்தும் மீன்களும். சிலவற்றில் 'மலையமான்' என்னும் பெயர் பழைய தமிழி எழுத்தில் உள்ளது. சங்க இலக்கியம் சொல்லும் குதிரையும், பெண்ணையாறும், குடிப்பெயரும் ஒரு விரல்நகத்தைவிடச் சற்றே பெரிய செம்புத் துண்டில் அடங்கியிருக்கின்றன.

இதேபோன்று செங்கத்தை அடுத்த ஆண்டிப்பட்டியில் ஈயக்காசுகள் கிடைத்தன. அவற்றில் சேந்தன் என்னும் தலைவன் பெயர் தமிழில் பொறிக்கப்பட்டிருந்தது. தொல்லியலறிஞர் இரா. நாகசாமி அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். ஈயத்தைவிட எளிய உலோகம் ஒன்றைக் காசுக்கு நினைத்துப் பார்க்க முடியாது. ஆயினும் மறைந்துபோன ஒரு தலைவன் பெயரை அதுவே நமக்குத் தந்தது. மதுரைப் பகுதியில் கிடைத்த ஒரு சதுரச் செப்புக்காசில் 'பெருவழுதி' என்னும் பாண்டியன் பெயரை 1984 இல் படித்துக் காட்டினார் இரா. கிருஷ்ணமூர்த்தி. தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்த அப்பெருமகனார் 2021 இல் மறைந்தார். மலையமான் காசுகளை ஆராய்ந்து நூல் எழுதியவரும் அவரே. வெள்ளியிலும் இத்தகைய சான்று உண்டு; சேரர் குடியைச் சேர்ந்த 'மாக்கோதை'யின் பெயர் வெள்ளிக்காசில்தான் கிடைத்தது. ஆனால் எண்ணிக்கையிலும் வகையிலும் செம்பே நமக்கு மிகுதியாக உதவியிருக்கிறது.

இன்னொரு செய்தி உங்கள் கருத்துக்கு உரியது. விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது புதுச்சேரி. 1736 இல் ஆர்க்காட்டு நவாபிடம் இசைவு பெற்றுப் பிரெஞ்சுக்காரர் அங்கே வெள்ளி ரூபாய் அடிக்கத் தொடங்கினர். அந்த ரூபாயில் இருந்த மொழி பாரசீகம். பெயர் தில்லி முகலாய மன்னருடையது. அவர்கள் அடித்த வெள்ளிப் பணத்தில் பிரெஞ்சு மகுடமும் அல்லிமலர்ச் சின்னமும் இருந்தன. அதே அக்கசாலையில் அடித்த செப்புத் துட்டைப் பாருங்கள். ஒருபுறம் அல்லிமலர்ச் சின்னம். மறுபுறம் தமிழில் 'புதுச்சேரி' என்னும் ஊர்ப்பெயர்! காரணம் தெளிவு. வெள்ளி ரூபாயைக் கையாண்டவர் துணி வணிகரும் அரசு அலுவலரும். செப்புத் துட்டைக் கையாண்டவர் கீரை விற்கும் கிழவியும், உப்பு வாங்கும் நெசவாளியும். அவர்கள் கைக்குச் செல்லும் காசு அவர்கள் மொழியில் பேச வேண்டியிருந்தது.

நம் மொழியும் இதற்குச் சான்று பகரும். 'பணம்' என்பது சிறு பொற்காசின் பெயராக இருந்து செல்வம் முழுமைக்கும் பெயராயிற்று. 'காசு' என்பது சோழர் கல்வெட்டுகளில் பொன்னையும் குறித்தது. கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்துச் சென்னையில் 80 செப்புக்காசு கொண்டது ஒரு பணம் என்னும் அளவுக்கு இறங்கியது. 'துட்டு' என்னும் சொல், டச்சுக்காரரின் 'டூயிட்' என்னும் செப்புக்காசிலிருந்து வந்தது என அகராதி கூறும். சல்லிக்காசு, செல்லாக்காசு, காலணா என்று நாம் வாய்ப்பேச்சில் வழங்கும் சொற்களில் பெரும்பாலானவை சில்லறையிலிருந்து பிறந்தவையே.

ஆயினும் செம்புக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைத்தல் ஆகாது. மண்ணின் ஈரமும் உப்பும் அதை அரிக்கின்றன. பச்சைக் களிம்பு எழுத்தை மூடுகிறது. சிறிய தகட்டின்மேல் பெரிய அச்சை வைத்து அடித்தமையால், ஒரு காசில் முழுப் பெயரும் விழுவது அரிது. ஒன்றில் முதலெழுத்து இருக்கும். மற்றொன்றில் கடையெழுத்து இருக்கும். பல காசுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் பெயர் முழுமை பெறும். பொற்காசு ஒன்றைக் கண்டால் போதும். செப்புக்காசு பத்தைத் திரட்ட வேண்டும். ஆனால் இக்குறையிலும் ஒரு நன்மை விளைகிறது. திரட்டுவது, ஒப்பிடுவது, ஐயுறுவது, தெளிவது என்னும் பயிற்சி முழுவதையும் செம்பு நமக்குத் தந்துவிடுகிறது.

நூறாண்டுக்கு முன்னரே இதை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். வேலூரில் தொண்டாற்றிய டேனியப் பாதிரியார் லோவந்தால், திருநெல்வேலிச் சீமைக் காசுகளைப் பற்றி 1888 இல் ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டில் டஃப்னெல் என்னும் படை அதிகாரி, தென்னிந்தியாவில் காசு சேகரிப்போருக்கு வழிகாட்டும் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். 1933 இல் தேசிகாச்சாரியார் தென்னிந்தியக் காசுகளைப் பற்றி எழுதினார். இவர்கள் போன்றோர் பொறுக்கி எடுக்காமல் விட்டிருந்தால், பல காசுகள் பாத்திரக்காரரின் உலைக்குப் போயிருக்கும்.

பழங்காலத்தை விட்டு அண்மைக் காலத்துக்கு வருவோம். விலையுயர்ந்த உலோகம் எளிய உலோகமாக மாறிய வரலாற்றை மூன்று ரூபாய்க் காசுகளைக் கொண்டே நான் வகுப்பில் விளக்குவது வழக்கம். முதலாவது, இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட ரூபாய். எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இரண்டாவது, 1940 முதல் 1945 வரை வெளிவந்தது. எடை அதுவே, ஆனால் வெள்ளி பாதிதான். மிகுதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். மூன்றாவது, 1947 ஆம் ஆண்டு ரூபாய். புலியின் உருவம் பொறித்த அக்காசில் வெள்ளி சிறிதும் இல்லை; முழுவதும் நிக்கல். ஒரு காந்தத்தை அருகே கொண்டு சென்றால் மூன்றாவது காசு மட்டும் தாவி ஒட்டிக்கொள்ளும். மாணவர்கள் வியப்போடு பார்ப்பார்கள். போர்க்காலத்தில் மக்கள் வெள்ளியைப் பதுக்கினர். அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியை வெள்ளியாகவே திருப்பித் தரும் பொறுப்பும் அரசுக்கு இருந்தது. இவையெல்லாம் பெரிய நூல்களில் உள்ள செய்திகள். ஆனால் மூன்று காசும் ஒரு காந்தமும் அவற்றைக் கண்முன் நிறுத்திவிடும்.

அதே காலத்து ஓட்டைக் காலணாவையும் பாருங்கள். 1943 முதல் 1947 வரை நடுவில் துளையிட்டு அடித்த வெண்கலக் காசு அது. அதன் எடை முன்னைய காலணாவின் எடையில் பாதிக்கும் குறைவு. போருக்குச் செம்பு தேவைப்பட்டதை அந்தத் துளை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

விடுதலைக்குப் பின் 1957 ஏப்ரல் 1 ஆம் நாள் நூறு நயா பைசா கொண்ட ரூபாய் வந்தது. 1964 இல் 'நயா' என்னும் அடைமொழி நீங்கியது. 1965 முதல் ஒரு பைசா அலுமினியமாயிற்று. 1968 இல் தாமரை பொறித்த மஞ்சள் நிற 20 பைசா வந்தது. அதில் பொன் கலந்திருக்கிறது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதை என் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அதில் பொன் இல்லை. செம்பும் அலுமினியமும் நிக்கலுமே உண்டு. ஆயினும் 108 தாமரைக் காசு சேர்த்து இலக்குமி பூசை செய்த இல்லங்கள் பல. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 இல் வெளிவந்த காசுகள் நம் வினாவுக்கே விளக்கம் போல அமைந்தவை. பத்து ரூபாய் வெள்ளியிலும், ஒரு ரூபாயும் ஐம்பது பைசாவும் நிக்கலிலும், இருபது பைசா மஞ்சள் கலப்புலோகத்திலும் வந்தன. நான்கிலும் அதே காந்தியடிகளின் முகம். வெள்ளிக்காசு பெட்டிக்குள் சென்றது. இருபது பைசா பேருந்து நடத்துநர் பையிலும் மிட்டாய்க் கடைக் கல்லாவிலும் உலவித் தேய்ந்தது. எளிய வாழ்க்கை வாழ்ந்த அவருக்கு உகந்த காசு எது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எளிய உலோகமும் முற்றும் அஞ்சாமல் இருக்க இயலாது. உலோக விலை உயர்ந்தபோது சில்லறைக் காசுகளையும் உருக்கினர். அதைத் தடுக்க 1971 இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. 2011 ஜூன் 30 ஆம் நாளோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதவை ஆயின. மூட்டை மூட்டையாக அவை மறைந்தன. ஆகவே மலிவானது எப்போதும் கிடைக்கும் என்று எண்ணி வாளா இருத்தல் கூடாது.

இனி, சேகரிக்க விரும்பும் உங்களுக்குச் சில சொற்கள். மாணவப் பருவத்தில் பொற்காசை விலைக்கு வாங்க முயலாதீர்கள். வெள்ளி ரூபாய் ஒன்று வீட்டில் இருந்தால் அதை வைத்துப் பயிலுங்கள். 1939 ஆம் ஆண்டு ஆறாம் சார்ச்சு வெள்ளி ரூபாய் அரிது என்பதால், ஆண்டு எண்ணைத் திருத்திப் போலி செய்து விற்பவர் உண்டு, எச்சரிக்கை வேண்டும். செம்பு, நிக்கல், அலுமினியக் காசுகளில் தொடங்குங்கள். பாட்டியாரின் சுருக்குப்பை, பூசையறை உண்டியல், பழைய பாத்திரக் கடை ஆகியவை உங்கள் சுரங்கங்கள்.

திண்டிவனம் என்பது 'திந்திரிவனம்', அதாவது புளியங்காடு, என்பதன் மரூஉ என்பர். அவ்வூர் மாணவர்க்கு நான் அடிக்கடி கூறியது ஒன்று: புளி சாப்பாட்டுக்கு ஆகட்டும், காசின்மேல் படவேண்டாம். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினால் செப்புக்காசு பளபளக்கும். ஆனால் களிம்போடு எழுத்தும் போய்விடும். மெல்லிய துணியால் மண்ணைத் துடைத்து, தனித்தனிக் காகித உறையில் இடுங்கள். உறையின்மேல் உலோகம், எடை, விட்டம், கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். கிடைத்த இடம் எழுதப்படாத காசு ஊர் மறந்த அனாதை போன்றது. வயலிலோ ஆற்றிலோ கூட்டமாகக் காசுகள் கிடைத்தால், அவற்றைப் பிரிக்காமல் ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ காட்டுங்கள். கலயத்தின் உடைந்த ஓட்டையும் எறிந்துவிடாதீர்கள். அதுவும் காலம் சொல்லும்.

பொற்காசைச் சேர்ப்பவர் செல்வத்தைச் சேர்க்கிறார். அதில் பிழை ஏதும் இல்லை. அரிய பொற்காசுகளைக் காக்க அருங்காட்சியகங்களும் அறிஞர்களும் உள்ளனர். ஆனால் சாமானிய மக்களின் கையில் தேய்ந்த காசுகளைக் காக்க உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? பொன்னின் விலையை நாளிதழ் நாள்தோறும் அறிவிக்கிறது. செப்புக்காசின் மதிப்பையோ படித்தறிந்தவனே அறிவிக்க முடியும். அந்தப் படிப்புக்கு வேண்டிய காசு இன்றே உங்கள் வீட்டு உண்டியலின் அடியில் கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள், எழுதி வையுங்கள்.